வலப்பக்க இருக்கையில் நான் கற்ற பாடம்

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விமானி என்று என்னை இங்கே அழைத்திருக்கிறீர்கள். விமானி என்றதும் வெள்ளைச் சட்டை, தோள்பட்டையில் தங்கக் கோடு, கையில் பெட்டி, இதெல்லாம்தான் உங்கள் கண்முன் வரும். அந்தச் சட்டையைப் போடுவதற்கு முன்னால் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நான் ஒரு வாத்தியாராக இருந்தேன். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என் அப்பா லாரி ஓட்டியவர். என் படிப்புக்காகச் சேமநிதிப் பணத்தை எடுத்தார்; வீட்டையும் அடகு வைத்தார். நான் வணிக விமானி உரிமம் வாங்கிய நேரம் 2020ஆம் ஆண்டு. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. விமானங்கள் எல்லாம் தரையில் வரிசையாக நின்றன. பல ஆண்டு அனுபவம் உள்ள விமானிகளே வேலை இழந்து நின்றபோது, என்னைப் போன்ற புதியவனை யார் கூப்பிடுவார்கள்?

பயிற்சிப் பள்ளி மீண்டும் திறந்தபோது, பயிற்றுநர் தகுதிக்குப் படித்துத் தேறி அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் பறக்கும் மணிக்கு இவ்வளவு என்ற கணக்கு. மழை பெய்தால் சம்பளம் இல்லை. நம் மேற்குக் கரையில் விடியற்காலையில் மலாக்கா நீரிணையிலிருந்து ‘சுமத்ரா’ என்ற காற்றும் மழையும் சேர்ந்து வரும். பிற்பகலில் இடிமேகம் கட்டும். இடையில் கிடைக்கிற நேரந்தான் எங்களுக்குச் சோறு போடும் நேரம்.

அம்மா கேட்பார்: “என்னடா தம்பி, இவ்வளவு காசக் கொட்டிப் படிச்சிட்டு இந்தக் குட்டி பிளேனையே சுத்திக்கிட்டு இருக்கே? பெரிய பிளேனு எப்படா?”

நான் என்ன சொல்வேன்? “மணி சேரணும்மா” என்பேன்.

மாணவர்களே, இந்த ‘மணி’ என்றால் என்ன தெரியுமா? ஒவ்வொரு விமானியிடமும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. லாக் புக் என்று பெயர். பறந்த நேரத்தையெல்லாம் அதில் எழுத வேண்டும். நம் நாட்டில் துணை விமானியாகச் சேர வணிக விமானி உரிமமும் அதற்குரிய தகுதிகளும் இருந்தால் போதும். பிற்காலத்தில் கேப்டனாவதற்கான உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். அமெரிக்காவிலோ 2013ஆம் ஆண்டு முதல் துணை விமானிக்கே பொதுவாக 1,500 மணி கேட்கிறார்கள். அதனால்தான் அங்கே இளைஞர் பலர் முதலில் பயிற்றுநராகிறார்கள். மாணவனுக்குக் கற்றுக்கொடுக்கும் நேரமெல்லாம் அவர்கள் புத்தகத்திலும் ஏறும்.

அந்தச் சட்டம் வந்த காரணத்தையும் கேளுங்கள். 2009 பிப்ரவரி 12ஆம் தேதி இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகர் அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்துகொண்டே வந்ததை விமானிகள் கவனிக்கவில்லை. எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தபோது, கேப்டன் மூக்கை இறக்காமல் மேலே இழுத்துவிட்டார். இத்தனைக்கும் அந்த இருவருமே 1,500 மணிக்கு மேல் பறந்தவர்கள்! ஆகவே மணி இருந்தால் மட்டும் போதாது. அந்த மணிக்குள்ளே நாம் என்ன செய்தோம் என்பதும் முக்கியம்.

“வேகம் குறைஞ்சா மூக்கை இறக்கு, இழுக்காதே” என்று நான் தினமும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நூறு தடவை பிறருக்குச் சொன்ன பிறகுதான் அது என் கைக்கே பழகியது.

பயிற்சி விமானத்தில் மாணவன் இடப்பக்கம் உட்காருவான். பயிற்றுநருக்கு வலப்பக்க இருக்கை. தொடக்கத்தில் எனக்குப் பயம் அதிகம். மாணவன் இறக்கும்போது விமானம் சற்று ஆடினாலே நான் பிடித்துவிடுவேன். எங்கள் தலைமைப் பயிற்றுநர் ஓய்வுபெற்ற ஆகாயப் படை அதிகாரி. அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, “இப்போது நன்றாக இறக்கக் கற்றுக்கொள்வது நீதான், உன் மாணவன் அல்ல. ஆபத்து வராத வரை கையை மடியில் வை” என்றார். கையை மடியில் வைப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

இனி நான் சொல்லப் போவது எனக்குப் பெருமை தரும் செய்தியல்ல. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

என்னிடம் ஒரு மாணவன் இருந்தான். அப்பா காய்கறிச் சந்தையில் கடை வைத்திருந்தவர். பையன் கெட்டிக்காரன். 14 மணி நேரப் பயிற்சியிலேயே தனியாகப் பறக்கத் தயாராகிவிட்டான். ஆனால் 18 மணி வரை நான் அவனை அனுப்பவில்லை. “காற்று சரியில்லை, இன்னும் கொஞ்சம் பழகட்டும்” என்று காரணம் சொன்னேன். உண்மை என்ன? மாணவன் தனியாகப் பறந்தால் அந்த நேரம் என் புத்தகத்தில் ஏறாது. எனக்குச் சம்பளமும் இல்லை. முதலில் பயந்தேன். பிறகு அந்தப் பயத்தின் பின்னால் என் ஆசை ஒளிந்துகொண்டது.

ஒரு நாள் காலை அவன் அப்பா பணம் கட்ட வந்தார். சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார். உறையிலிருந்து சில்லறை நோட்டுகளை எடுத்து எண்ணினார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “சார், பையன் நல்லா வர்றானா? இன்னும் எத்தன மணி ஆகுங்க?”

என் அப்பா வயதுக்காரர், என்னை ‘சார்’ என்று எழுந்து நிற்கிறார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “நல்லா வர்றாங்க ஐயா” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அன்றிரவு லாக் புக்கைத் திறந்தால், அந்த நான்கு மணி நேரமும் என்னையே பார்த்தது.

மறுநாள் அந்தப் பையனோடு மூன்று முறை ஏறி இறங்கினேன். பிறகு விமானத்தை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து நான் இறங்கிக்கொண்டேன். “தனியா ஒரு சுற்று போயிட்டு வா” என்றேன். ஓடுபாதைக்கு அப்பால் புல்தரையில் நின்று பார்த்தேன். என் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிட விரைவாக மேலே ஏறியது. திரும்பி வந்து இறங்க ஆறேழு நிமிடம் ஆகியிருக்கும். என் வாழ்க்கையிலேயே நீளமான நிமிடங்கள் அவை. சக்கரம் அழகாகத் தரையைத் தொட்டது.

அன்று மாலை அவனிடம் உண்மையைச் சொன்னேன். அந்த நான்கு மணிக்கு எனக்குக் கிடைத்த சம்பளத்தையும் கொடுத்தேன். விமானக் கட்டணத்தைத் திருப்பித் தர என்னால் முடியவில்லை. அவன் சிரித்துக்கொண்டே, “பரவால்ல சார், அந்த நாலு மணியிலதான் குறுக்குக் காத்துல இறக்கப் பழகினேன்” என்றான். அது அவன் பெருந்தன்மை. என் தவறு தவறுதான்.

2023ஆம் ஆண்டு எனக்கு விமான நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அங்கும் துணை விமானிக்கு வலப்பக்க இருக்கைதான்! பயணிகளோடு நான் முதன்முதலாக இறக்கிய நாளில், என் பக்கத்திலிருந்த பயிற்சிக் கேப்டனை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் கைகள் மடியில் இருந்தன. அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

அன்பு மாணவர்களே, உங்கள் ஆசிரியர்கள் உங்களைத் தனியே எழுத விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும்போது, அவர்களும் கையை மடியில் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கு நன்றாக வருகிறவர்கள் வராத தோழனுக்குச் சொல்லிக்கொடுங்கள்; உங்கள் கணக்கும் உறுதிப்படும். ஆனால் அவன் கற்றுக்கொண்ட பிறகு, அவனை விட்டுவிடவும் வேண்டும். இன்று பரிசு வாங்காதவர்கள் மனம் தளர வேண்டாம். நான் காத்திருந்த மூன்று ஆண்டுகள் வீணாகவில்லை. அந்தக் காலத்தில்தான் நான் விமானியானேன்.

அம்மாவுக்கு இப்போது பெரிய பிளேன் வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் குட்டி பிளேனைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.