சாவி யாரிடம் இருக்கிறது?



2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்த அந்த இரவை, முன்கூட்டியே முகாமுக்குப் போயிருந்த ஆயிரக்கணக்கானோர் பத்திரமாகக் கழித்தார்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், புயல் வந்தால் உங்கள் ஊரில் ஒதுங்கும் இடம் எதுவென்று விசாரித்து வையுங்கள். கடலோரத்தில் பல்நோக்குப் பாதுகாப்பு மையம் இருக்கும். மற்ற ஊர்களில் பெரும்பாலும் பள்ளிக்கூடம் அல்லது சமுதாயக்கூடம்தான். ஒரு நாள் பகலில் குடும்பத்தோடு நடந்தே போய்ப் பாருங்கள். வழியில் தரைப்பாலம் இருக்கிறதா? மழை வலுத்தால் முதலில் மூழ்குவது அதுதான், சுற்றுவழியையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, கட்டடத்தின் சாவி. அது யாரிடம் இருக்கிறது? ராத்திரி இரண்டு மணிக்கு அவரை எழுப்ப முடியுமா? பலரும் கேட்க மறக்கிற கேள்வி இது. என்னைக் கேட்டால், இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நடக்க முடியாத பாட்டியை யார் தூக்கிவருவது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். கிளம்பும்போது ஆடுமாடுகளைக் கட்டிப்போட்டு வராதீர்கள், அவிழ்த்துவிடுங்கள். பாவம், வாயில்லா ஜீவன்கள்.

முகாமில் இருக்கும்போது காற்று சட்டென்று அடங்கலாம். வீட்டைப் பார்த்துவர மனசு துடிக்கும். போகாதீர்கள். உங்கள் ஊருக்கு மேல் புயலின் கண் நிற்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மறுபடி சீறிவரும். அதிகாரிகள் சொன்ன பிறகே வெளியே வாருங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.