கணக்குக் கொப்பியைப் பிள்ளைகளிடம் கொடுப்போம்
(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் ஏ.எல். வரைதான் படித்தவன். இங்கே நியூ ஜெர்சியில் தொழிற்சாலை வேலை. பல்கலைக்கழக மாணவரின் தலைமைத்துவம் பற்றி இவன் என்ன கதைக்கிறான் என்று நினைப்பீர்கள். நியாயம்தான்.

1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தொடங்கியது. அதை முன்னின்று நடத்திய ஹன்டி பேரின்பநாயகம் 1899இல் பிறந்தவர், அப்போது இளைஞர். சாதி பாராமல் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அவர்கள்தான். பெரியவர்கள் இடம் தரும்வரை காத்திருந்தால் இது நடந்திருக்குமோ?

எங்கட தொழிற்சாலையில் புது ஆள் வந்தால் சில நாளிலேயே மெஷினில் நிறுத்துவோம். பழைய ஆள் பக்கத்தில் நிற்பான். கையைப் பிடிக்க மாட்டான். நாலு பெட்டி பழுதாகும். ஆனால் ஆள் பழகிவிடுவான்.

இங்கே நாங்கள் என்ன செய்கிறோம்? படிக்கிற பிள்ளைகளைக் கதிரை அடுக்க மட்டும் கூப்பிடுகிறோம். போன பொங்கலுக்கு ஒரு பிள்ளை, "அண்ணை, மண்டபக் கணக்கை நான் பார்க்கட்டோ?" என்று கேட்டா. "நீ படிப்பைப் பார் பிள்ளை" என்று சொன்னது நான்தான். பிறகு அவ இந்தப் பக்கம் வரவில்லை. அது என்னுடைய பிழை.

ஆகவே அடுத்த விழாவின் பொறுப்பையும் கணக்குக் கொப்பியையும் அவர்களிடம் கொடுப்போம். தமிழ் கொஞ்சம் தடக்குப்படும். கணக்கும் ஒருக்கால் பிழைக்கும். நாங்கள் பக்கத்தில் நிற்போம்.