பாட்டி சொன்ன கதையும் ஒரு பாட்டின் கணக்கும்

தோட்டத்தில் பால் நிறுக்கும் நேரம் நம் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். எவ்வளவு பால் என்பது ஒரு கேள்வி. அது யார் பெயரில் எழுதப்படுகிறது என்பது இன்னொரு கேள்வி. பெயர் மாறி விழுந்தால் அன்றைய உழைப்பு வீண். பாட்டுத் தொழிலிலும் இப்படியொரு கணக்கு உண்டு. அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

சென்னையில் 2017 ஆம் ஆண்டு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு தோன்றியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் அதை உருவாக்கினார்கள். 'சாதியற்ற தமிழர்' என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்தே அப்பெயருக்கு மூலம். வடசென்னையில் சாவு வீட்டில் பாடப்படும் கானாவையும், பறையையும், மேல்நாட்டு ராக் இசையின் கிதாரையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். கிதார் பிடித்த பிள்ளை கெட்டுப்போவான் என்று நம்மில் சிலர் இன்னும் சொல்வதுண்டு. இக்குழுவின் பாட்டுகளை ஒருமுறை கேட்டுவிட்டு அவர்கள் பேசட்டும்.

அக்குழுவில் பாடியவர்களில் ஒருவர் அரக்கோணத்துக்காரரான அறிவு. 2019 இல் அவர் ஓஃப்ரோ என்பவருடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற ஆல்பத்தை, அதாவது பல பாட்டுகள் கொண்ட தொகுப்பை, வெளியிட்டார். ஆனால் உலகம் அவரை அறிந்தது ஒரே ஒரு தனிப்பாட்டால். 2021 மார்ச் 7 இல் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' அது. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பைக் கவனித்தார். பல கோடி முறை அது பார்க்கப்பட்டது.

அப்பாட்டின் வேர் எங்கே இருக்கிறது, தெரியுமா? அறிவின் பாட்டி வள்ளியம்மாளிடம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் தமிழகம் திரும்பிய குடும்பம் அவர்களுடையது. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. காட்டைத் தோட்டமாக்கியவர்களுக்குச் சொந்தமாக ஒரு முழம் நிலமில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வந்து, கூலாயிலும் லாபிசிலும் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இக்கதையை விளக்கவும் வேண்டுமா? பாட்டுப் படத்தில் அந்த மூதாட்டியே தோன்றுகிறார்.

பாட்டு வென்றது, பெயரில்தான் சிக்கல் வந்தது. 2021 ஆகஸ்டில் ஓர் இந்திய இசை ஏட்டின் அட்டையில் தீயின் படம் வந்தது, அறிவின் படம் வரவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் அவருக்கும் ஓர் அட்டை கிடைத்தது. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே அப்பாட்டு பாடப்பட்டது. எழுதியதும் மெட்டமைத்ததும் தாமே என்று அறிவு அறிவித்தார். உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதிலளித்தார். 2024 இலோ, மூவருக்கும் அப்பாட்டினால் ஒரு காசும் வரவில்லை என்று அவரே சொன்னார். இவர்களுக்குள் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. புகழ் வேறு, கூலி வேறு என்பது மட்டும் தெளிவு.

ஜொகூரிலும் நம் இளைஞர்கள் வீட்டு அறையிலேயே பாட்டுப் பதிவு செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. மலேசியாவின் 1987 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டுக்கு உரிமை ஒன்று; அதன் ஒலிப்பதிவுக்கு உரிமை மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கலாம். பாட்டை எழுதியவருக்கு அவர் ஆயுளும் அதன்பின் 50 ஆண்டுகளும் உரிமை உண்டு. மைஐபிஓ என்னும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் அதைத் தெரிவித்துப் பதிவேட்டில் ஏற்றலாம். அது கட்டாயமன்று, ஆனால் வழக்கென்று வந்தால் சான்றாக உதவும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் எந்த உரிமையைக் கொடுக்கிறோம், எத்தனை ஆண்டுக்கு என்று கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

பாட்டிமாரின் தாலாட்டையும் ஒப்பாரியையும் கைப்பேசியில் பிடிப்பவர்கள், பாடியவர் பெயரையும் நாளையும் தோட்டத்தின் பெயரையும் கூடவே எழுதி வையுங்கள். தோட்டம் போய் அங்கே இப்போது செம்பனையோ வீடமைப்போ இருந்தாலும் பரவாயில்லை. பழைய பெயரையே எழுதுங்கள்.