யாருடைய பேச்சுக்குச் சிரிக்கிறோம்?



தூத்துக்குடி மீனவர் குடியிருப்பிலிருந்து வெளியூர்க் கல்லூரிக்குப் போன முதல் வாரம். நான் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரித்தது. அந்த வருடம் முழுக்க நான் அதிகம் பேசவில்லை.

இன்று ஆய்வுக்காக 1950கள், 60களின் நகைச்சுவைப் படங்களைத் தேடிப் பார்க்கிறேன். "அதில் அப்படி என்ன இருக்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 'சபாஷ் மீனா' (1958) பாருங்கள். ஜே.பி. சந்திரபாபுவுக்கு அதில் இரட்டை வேடம். ஒருவர், சிவாஜி நடித்த பணக்கார நண்பனின் பெயரைச் சொல்லிப் பெரிய வீட்டில் தங்கும் இளைஞர். இன்னொருவர், மெட்ராஸ் பாஷை பேசும் ரிக்‌ஷாக்காரர். முகம் ஒன்றுதான். ஆனால் பார்க்கிற நமக்கே முதலாமவர் 'அவர்'; இரண்டாமவர் 'அவன்'. இத்தனைக்கும் முதலாமவரின் மரியாதை இரவல் பெயருக்குக் கிடைத்தது! மரியாதை பிறப்போடு வருவதல்ல என்பதை அந்த ஒரே முகம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிடுகிறது.

சந்திரபாபு 1927இல் எங்கள் ஊரில் பிறந்தவர். இயற்பெயர் ஜோசப் பனிமயதாஸ். எங்கள் பனிமய மாதா கோயிலின் பெயர். மெட்ராஸ் பாஷை அவருடைய வீட்டுப் பேச்சு அல்ல, காதுகொடுத்துக் கற்றது.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கதாநாயகனுக்குத் திருத்தமான தமிழ், காமெடியனுக்குச் சேரித் தமிழ் என்று பாகம் பிரித்ததும் இதே சினிமாதான்.

என் வகுப்புத் தோழர்கள் கெட்டவர்கள் இல்லை. யாருடைய பேச்சுக்குச் சிரிக்கலாம் என்று அவர்களுக்கு முன்பே சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. பழைய படங்களைப் பாருங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் அந்தப் பாடத்தை நாமும் படித்திருக்கிறோமா என்று யோசியுங்கள்.