கண்ணைப் பார், பிறகு கையெழுத்திடு!



ஓட்டுநர் தோழர்கள் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் நான் பேசியதை, ஞாயிறுதோறும் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். அங்கே கேட்டவர்கள் சிலர். இங்கே படிப்பவர்கள் பலர். வீட்டுக்கு வீடு ஒரு முதியவர் இருக்கிறார். தெருவுக்குத் தெரு வண்டி ஓடுகிறது. ஆகவே இது ஓட்டுநர்களுக்கு மட்டும் உரிய பேச்சன்று, உங்களுக்கும் உரியது.

"நாட்டிலே எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருக்க, ஒரு துண்டுக் காகிதத்தைப் பற்றியா பேச வந்தீர்?" என்று கேட்பீர்கள். ஆம், காகிதத்தைப் பற்றித்தான்! ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மருத்துவர் கையெழுத்திட்டுத் தரும் காகிதம். படிவம் 1ஏ என்று அதற்குப் பெயர். காகிதம் சிறிது. ஆனால் அதன் ஒரு பக்கத்திலே ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது. மறு பக்கத்திலே, சாலையைக் கடக்கும் ஒரு குழந்தையின் உயிர் இருக்கிறது!

பெரியவர் ஒருவரை உங்கள் மனக்கண் முன் நிறுத்துகிறேன், பாருங்கள். வயது 62. முப்பத்தைந்து ஆண்டுகளாக ஆட்டோ ஓட்டுகிறார். எந்தச் சந்து எங்கே முடியும், எந்தப் பள்ளிக்கூடம் எப்போது விடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அண்மைக் காலமாக ஒரு தொல்லை. இரவிலே எதிரே வரும் வண்டியின் விளக்கு, ஒரு புள்ளியாகத் தெரியாமல் பூவாக விரிகிறது. "இந்தக் காலத்து விளக்குகளே இப்படித்தான்" என்று அவர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். விளக்கிலே குறையில்லை, தோழர்களே! கண்ணிலே புரை!

உரிமம் புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது. பெரியவர் கலங்குகிறார். கண்ணைச் சோதித்தால் உரிமம் போய்விடுமோ? உரிமம் போனால் வண்டி போய்விடுமோ? வண்டி போனால், பேத்தியின் படிப்பு? மனைவியின் மருந்து? அப்போது பக்கத்திலே நிற்பவர் ஆறுதல் சொல்கிறார்: "அண்ணே, இதுக்கா கவலைப்படறீங்க? நீங்க போகக்கூட வேணாம். போட்டோவும் பணமும் குடுங்க, கையெழுத்து வந்துடும்!"

வந்தது கையெழுத்து. கிடைத்தது ஐந்தாண்டுக்கு உரிமம். பெரியவர் மகிழ்ந்தார், தரகர் மகிழ்ந்தார். ஆனால் கண்ணிலே இருந்த புரை? அது அங்கேயே இருக்கிறது! காகிதம் "நலம்" என்று கூறுகிறது. கண் "இல்லை" என்று கூறுகிறது. இரவு ஏழு மணிக்குச் சாலையிலே எதன் சொல் வெல்லும்? எண்ணிப் பாருங்கள்!

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 40 வயதை எட்டியவர் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று தரவேண்டும். வாடகை வண்டி, சரக்கு வண்டி போன்றவற்றை ஓட்டுகிறவருக்கோ, எந்த வயதிலும் அது வேண்டும். 2019இல் வந்த திருத்தத்தின்படி, 55 வயதை எட்டியவருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் உரிமம் புதுப்பிக்கப்படுகிறது.

அந்தப் படிவத்திலே மருத்துவர் விடையளிக்க வேண்டிய கேள்விகள் யாவை? நல்ல பகல் வெளிச்சத்திலே 25 மீட்டர் தொலைவில் உள்ள காரின் எண் பலகை தெரிகிறதா? நிறங்களை வேறுபடுத்திக் காண முடிகிறதா? மாலைக்கண் உண்டா? ஒலிப்பான் ஓசை காதிலே விழுமா? கை கால்களிலே குறைபாடு உண்டா? கேள்விகள் நல்ல கேள்விகள், தேவையான கேள்விகள். விண்ணப்பித்தவரை நானே நேரில் சோதித்தேன் என்று மருத்துவர் உறுதி கூறவும் வேண்டும். முகமே காணாமல் கையெழுத்திடுகிறவர், ஓர் ஓட்டுநருக்கு உதவி செய்யவில்லை; அவர் கண்ணைக் கட்டிச் சாலையிலே விடுகிறார்!

ஆனால், அந்தப் பெரியவரை மட்டும் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாமா? அவர் ஏன் பொய்ச் சான்று வாங்கினார்? ஆசையினாலா? அல்ல; அச்சத்தினால்! சோதனை என்றாலே தன் சோற்றைப் பறிப்பது என்று அவர் எண்ணுகிறார். அந்த எண்ணத்தை மாற்றாத வரையில், எத்தனை முத்திரை குத்தினாலும், எத்தனை படிவம் அச்சிட்டாலும், பொய்ச் சான்று வேறொரு வாசல் வழியே வந்துகொண்டுதான் இருக்கும்.

"வயதானவர்களுக்கு உரிமமே தரக்கூடாது, தீர்ந்தது தொல்லை" என்று கூறுகிற அறிவாளிகளும் இருக்கிறார்கள். முதுமையிலே ஆபத்தே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 2019 ஏப்ரலில் ஜப்பான் நாட்டுத் தோக்கியோவிலே, இக்கேபுக்குரோ என்ற இடத்தில், 87 வயது முதியவர் ஓட்டிய கார் பாய்ந்து ஒரு தாயும் மூன்று வயது மகளும் மாண்டனர். பிரேக் என்று எண்ணி ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார் என்று 2021இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கணவனின், அந்தத் தந்தையின் கண்ணீருக்கு நாம் என்ன விடை சொல்வோம்? ஆபத்து உண்மை, மறுக்கவில்லை.

ஆனால், விலக்கிவிடுவது மட்டுமே மருந்தாகுமா? பின்லாந்தும் ஸ்வீடனும் அடுத்தடுத்த நாடுகள். பின்லாந்திலே 70 வயதிலிருந்து மருத்துவச் சோதனை கட்டாயம். ஸ்வீடனிலே அத்தகைய கட்டாயம் இல்லை. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 1996இல் வெளிவந்தது. முதியோர் ஓட்டிய கார்களின் விபத்திலே, சோதனை வைத்த நாட்டுக்குத் தனி நன்மை எதுவும் தென்படவில்லை. மாறாக, பின்லாந்திலே காரில் அல்லாமல் சாலையில் சென்ற முதியோர் மடிவது அதிகமாக இருந்தது! காரை விட்டு இறக்கப்பட்டவர்கள், காப்பில்லாத வழிப்போக்கர்களானதே காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர். இறக்கிவிடுவது எளிது, தோழர்களே; இறங்கியவர் எப்படிப் போவார் என்று எண்ணுவதுதான் ஆட்சி!

இன்னொரு காட்சியைப் பாருங்கள். 2019 ஜனவரியில் இங்கிலாந்து அரசியின் கணவர் பிலிப், 97ஆம் வயதிலே தாமே கார் ஓட்டிச் சென்று, வேறொரு காரோடு மோதினார். அடுத்த மாதமே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல செயல்; பாராட்டுவோம். ஆனால், மறுநாள் அவர் எப்படி வெளியே போனார் என்று எவரேனும் கவலைப்பட்டார்களா? அரண்மனையிலே ஓட்டுநர் உண்டு, வண்டி உண்டு, வருமானமும் குறையாது. நம் ஆட்டோப் பெரியவருக்கு? உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தால், அன்று மாலையே அடுப்பும் அணைந்துவிடுமே! ஒரே காகிதம்தான்; மாளிகையிலே அது அலங்காரம்; குடிசையிலே அது ஆகாரம்!

அப்படியானால் வழி என்ன? சோதனை வேண்டும், உண்மையான சோதனை வேண்டும். ஆனால் அது சுவராக நிற்கக்கூடாது. வாசலாகத் திறக்கவேண்டும் — மருத்துவமனைக்குச் செல்லும் வாசலாக!

புரை தீராத நோயன்று. அமெரிக்காவின் அலபாமாவிலே முதிய ஓட்டுநர்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவைக் கேளுங்கள்: புரை நீக்கும் அறுவை செய்துகொண்டவர்களின் விபத்து விகிதம், செய்துகொள்ளாதவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான்! நம்மிடம் வசதி இல்லையா? சென்னையிலே, இன்று எழும்பூரில் இருக்கும் கண் மருத்துவமனை தொடங்கியது 1819இல். மதுரையிலே மருத்துவர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது 1976இல். பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கியதும் அதே 1976இல்தான். அரசு மருத்துவமனைகளிலே கட்டணமின்றிப் புரை நீக்குகிறார்கள். வைத்தியம் இருக்கிறது, வழி இருக்கிறது, இரண்டையும் இணைக்கும் பாலம்தான் இல்லை!

அந்தப் பாலத்தைக் கட்டும்படி கேட்போம். ஒன்று: அரசு மருத்துவமனைகளிலே ஓட்டுநர்களுக்கென ஒரு நாள் ஒதுக்கி, கண்ணும் காதும் கட்டணமின்றிச் சோதிக்கப்பட வேண்டும்; சோதிக்காமல் கையெழுத்திடுகிறவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். இரண்டு: குறை கண்டால் அங்கேயே சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டும், வண்டி ஓட்ட இயலாத அந்த நாட்களுக்கு ஓட்டுநர் நல வாரியம் உதவித்தொகை தரவேண்டும். மூன்று: இனி ஓட்டவே இயலாது என்பவருக்கு ஓய்வூதியமும் பயண வசதியும் வேண்டும். சென்னை மாநகரப் பேருந்திலே 60 வயது நிறைந்தவர்களுக்கு மாதம் 10 இலவசப் பயணம் தரும் முறை 2016இல் தொடங்கப்பட்டது. ஜப்பானிலே உரிமத்தைத் தாமே திருப்பித் தருகிறவர்களுக்குப் பல ஊர்களிலே பேருந்து, டாக்சிக் கட்டணச் சலுகை தருகிறார்கள். அந்த வழியிலே இன்னும் நெடுந்தூரம் நாம் செல்லவேண்டும்.

அரசு செய்யட்டும் என்று நாம் கை கட்டி நிற்கலாமா? கூடாது. உங்களால் இன்றே ஆகக்கூடிய வேலை இருக்கிறது. உரிமம் காலாவதியாவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. ஆகவே கடைசி வாரத்திலே தரகரைத் தேடுவானேன்? முன்கூட்டியே கண்ணைச் சோதித்து, வேண்டுமானால் புரையும் நீக்கி, தெளிந்த கண்ணோடு மருத்துவர் முன் நிற்கலாமே! புதுப்பிக்க மறுத்தால், காரணத்தை எழுத்திலே தரவேண்டும் என்கிறது சட்டம். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யவும் உரிமை உண்டு. இதை ஒவ்வொரு வண்டி நிறுத்தத்திலும் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. 25 மீட்டர் என்பது ஏறத்தாழ முப்பத்துமூன்று தப்படி. நாளைக் காலை உங்கள் தந்தையை, அண்ணனை, தெருமுனைப் பெரியவரை அழைத்துக்கொண்டு, நிற்கும் வண்டி ஒன்றிலிருந்து அத்தனை தப்படி நடந்து, திரும்பி நின்று, எண் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி அணிகிறவர் அணிந்துகொள்ளட்டும். படித்தால், மகிழ்ச்சி! தடுமாறினால், ஏளனம் செய்யாதீர்கள்; அச்சுறுத்தாதீர்கள். "வாங்க ஐயா, நானும் வர்றேன்" என்று கையைப் பிடித்துக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நம் பெரியவருக்குத் தேவை, பொய்ச் சொல்லும் காகிதம் அன்று; மெய் காணும் கண். அவர் சோறும் நிலைக்கவேண்டும். அந்தக் குழந்தையும் சாலையைக் கடக்கவேண்டும். இரண்டும் ஒருசேர முடியும், தோழர்களே! முடியவைப்பது நம் வேலை.