வாங்கியவரே விற்பவரானார்: ஜேர்மனியின் ஏற்றுமதி



2009ஆம் ஆண்டு உலக நெருக்கடியில் ஜேர்மனியின் ஏற்றுமதி கடுமையாக வீழ்ந்தது. சீனா பெருமளவில் வாங்கியதால் விரைவில் மீண்டெழுந்தது. இம்முறை அவ்வழி அடைபட்டுள்ளது. அன்று ஜேர்மன் இயந்திரங்களை வாங்கித் தொழிற்சாலைகளை நிறுவிய சீனா, இன்று அதே வகைப் பொருட்களைக் குறைந்த விலையில் விற்கிறது. 1995இல் மின்கல நிறுவனமாகப் பிறந்த பிவைடி, ஐரோப்பாவிலேயே மகிழுந்து விற்கிறது. மின்மகிழுந்தில் விலை மிகுந்த தனிப் பாகம் மின்கலமே. எஞ்சினில் ஜேர்மனியர் நூறாண்டாகப் பெற்ற தேர்ச்சிக்கு அங்கே வேலையில்லை.

2022இல் ரஷ்யக் குழாய்வழி எரிவாயு நின்று உற்பத்திச் செலவும் ஏறியது. 2023, 2024 இரண்டிலும் பொருளாதாரம் சுருங்கியது. 2030க்குள் ஜேர்மனியில் 35,000க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்க, 2024 டிசம்பரில் வோல்க்ஸ்வாகன் தொழிற்சங்கத்துடன் உடன்பாடு கண்டது.

மகிழுந்து நிறுவனத்தில் தொழிற்பயிற்சி இடம் கிடைத்தாலே பிள்ளையின் வாழ்வு உறுதி என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். ஒப்பமிடுமுன் ஒன்றைக் கேளுங்கள்: அப்பயிற்சி எஞ்சின் பிரிவிலா, மின்கலப் பிரிவிலா?