பேய் வீடு என்று பேச்சு வந்தால்



ஒரு லயத்தில் பேய் நடமாடுகிறது என்ற பேச்சு காலையில் குழாயடியில் கிளம்பினால், மாலைக்குள் தோட்டம் முழுவதும் பரவிவிடும். காலையில் வெறும் சத்தமாக இருந்தது, மாலையில் தலையை விரித்துப் போட்ட பெண்ணாகிவிடும். என்றோ அந்த வீட்டில் செத்துப்போன யாரோ ஒருவரின் பெயரும் அதோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பூசாரிக்கு ஆள் போகும். சம்பளத்தில் ஒரு பகுதியும் அவரோடு போகும்.

பேய் உண்டா, இல்லையா என்று இன்று நாம் வாதாடப் போவதில்லை. அந்த வாதம் எந்த லயத்திலும் முடிந்ததில்லை. சாமி கும்பிடுவதைப் பற்றியும் நாம் பேசவில்லை. அது வேறு விஷயம். பேச்சு வந்த வீட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்று விசாரிப்பது எப்படி? அதுதான் இன்றைய பேச்சு.

பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். சத்தத்தைக் கேட்டவர்களையும் உருவத்தைப் பார்த்தவர்களையும் தனித்தனியே உட்கார வைத்துக் கேட்க வேண்டும். கூட்டமாக வைத்துக் கேட்டால், முதலில் பேசியவர் சொன்னதையே மற்றவர்களும் பார்த்ததாகச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. மனித ஞாபகம் அப்படிப்பட்டது. "பேயைப் பார்த்தாயா?" என்று கேட்கவே கூடாது. என்ன கேட்டது, எந்தப் பக்கம், மணி எத்தனை, மழையா வெயிலா, அடுப்பு எரிந்ததா, கதவு சாத்தியிருந்ததா, வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டும். நேரில் கண்டதை ஒரு பக்கத்திலும், பிறர் சொல்லிக் கேட்டதை மறு பக்கத்திலும் எழுதுங்கள். மறு பக்கம்தான் சீக்கிரம் நிரம்பும்!

மணியைக் குறிப்பதில் என்ன பலன் என்று கேட்கலாம். உச்சி வெயில் நேரத்தில் தகரக் கூரையில் கல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உச்சிப் பொழுது முனி உலவும் நேரம் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனால், ரப்பர்க் காய் முற்றி வெடிப்பதும் நல்ல வெயிலில்தான். காய் காய்ந்து இறுகி, 'படார்' என்று வெடித்து, விதையைப் பல அடி தூரம் வீசி எறியும். ரப்பர் மரத்தடியில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. என்றாலும், பயம் வந்த வீட்டில் இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கீழே விழுந்ததைத் தேடி எடுத்துப் பாருங்கள். புள்ளி போட்ட பழுப்பு விதை என்றால் விசாரணை அத்தோடு முடிந்தது. செங்கல் துண்டு என்றால் முடியவில்லை. அதற்குப் பிறகு வருவோம்.

பொழுது சாய்ந்த பிறகு கூரை 'டக், டக்' என்றால், பகலில் சுட்ட தகரம் குளிர்ந்து சுருங்குகிறது. விடியற்காலையில் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்து அமுக்குவது போலிருந்து, கை கால் அசையாமல் போவதை 'அமுக்குவான்' என்கிறோம். கனவுத் தூக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கிடக்கின்றன. அவை விழிக்கும் முன் மனம் விழித்துக்கொண்டால் இப்படி ஆகும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம். இரவு ஷிப்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

இனி, கவனமாகக் கேட்க வேண்டிய விஷயத்திற்கு வருவோம். அமெரிக்காவில் வில்மர் என்ற கண் மருத்துவர் 1921இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் ஒரு குடும்பத்தின் கதையை வெளியிட்டார். 1912ஆம் ஆண்டு நவம்பரில் அந்தக் குடும்பம் ஒரு பெரிய பழைய வீட்டில் குடியேறியது. சில வாரங்களில் மாடியில் காலடி ஓசை கேட்டது. ஏறிப் பார்த்தால் ஆளில்லை. வீட்டுக்கார அம்மாள் கறுப்பு உடை அணிந்த ஒரு பெண்ணைக் கண்டார். கிட்டே போனதும் உருவம் மறைந்தது. கணவருக்கு இரவில் யாரோ கழுத்தை நெரிப்பது போலிருந்தது. பிள்ளைகள் வெளிறிப் போனார்கள், தலைவலி, பசியில்லை. தொட்டிச் செடிகளும் வாடிச் செத்தன. முன்பு குடியிருந்தவர்களும் இதேபோல அவதிப்பட்டதாகத் தெரிய வந்தது. நம் ஊராயிருந்தால் அன்றே பூசை போட்டிருப்போம்.

அந்தக் கணவரின் சகோதரர், புகையால் விஷமேறிய ஒரு குடும்பத்தைப் பற்றி முன்பு படித்திருந்தார். அவர் சொல்லித்தான் வீட்டைச் சூடாக்கும் உலையைச் சோதித்தார்கள். உலை கெட்டுப்போயிருந்தது. புகைபோக்கி வழியாக வெளியேற வேண்டிய கார்பன் மோனாக்சைடு வாயு அறைகளுக்குள் பரவிக்கொண்டிருந்தது. அந்த வீட்டின் பேய் அதுதான்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். நம் வீடுகளில் அந்த மாதிரி உலை இல்லை. ஆனால் மழை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு கரியடுப்பு மூட்டுவதுண்டு. மின்சாரம் போனால் ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டுவதுண்டு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேய் பிடித்ததென்று எண்ணி, நோயாளியை உள்ளே படுக்க வைத்து, ஜன்னலை அடைத்து, கரி நெருப்பில் சாம்பிராணி போடுகிறோம். மூடிய அறையில் கரி எரிந்தால் வருவதும் இதே விஷ வாயுதான்!

ஆகவே நோட்டில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும். ஒரே சமயத்தில் பலருக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் இருக்கிறதா? வெளியே போனால் தெளிந்து, வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி வருகிறதா? ஆம் என்றால் நெருப்பையோ இயந்திரத்தையோ அணைத்து, எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டரிடம் புகை விஷயத்தை முதலில் சொல்லுங்கள். நல்ல காற்றில் சில மணி நேரம் கழிந்தால் இரத்தத்தில் வாயு குறைந்துவிடும். பிறகு சோதித்தால் தெரியாமல் போகலாம்.

இப்போது அந்தச் செங்கல் துண்டுக்கு வருவோம். 1898இல் கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர் டாக்டர் ஆபிரகாம் கோவூர். 1978இல் காலமாகும்வரை இலங்கையில் பல பேய் வீடுகளை நேரில் போய் விசாரித்தார். கல் விழும் வீடுகளில், எறிந்த கை பெரும்பாலும் அந்த வீட்டிலேயே இருந்ததை அவர் எழுதியிருக்கிறார். அதுவும் வாய் திறந்து சொல்ல முடியாத வேதனையுள்ள ஒருவரின் கை. அவர்களைத் தனியே அழைத்து, பொறுமையாகப் பேச வைத்துத்தான் அவர் பல வீடுகளில் கல் விழுவதை நிறுத்தினார்.

உங்கள் நோட்டிலும், கல் விழுந்த ஒவ்வொரு நாளும் வீட்டில் இருந்தவர் ஒரே பெண்பிள்ளை என்று தெரியவரலாம். பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டவளாக இருக்கலாம். விருப்பமில்லாத கல்யாணம் பேசப்பட்டவளாக இருக்கலாம். வீட்டுக்கு வரும் யாரோ ஒருவருக்குப் பயப்படுகிறவளாகவும் இருக்கலாம். வேப்பிலையால் அடித்தாலும் பிரம்பால் அடித்தாலும் அதை அவள் சொல்லமாட்டாள். அவள் நம்புகிற அத்தையோ, அக்காளோ, ஆசிரியையோ தனியே உட்கார்ந்து கேட்கட்டும். ஒரே நாளில் சொல்லாவிட்டால் மறுநாளும் கேட்கட்டும். அந்தப் பக்கத்தை மட்டும் லயத்தார் முன்னால் படித்துக் காட்ட வேண்டாம். கிழித்து அடுப்பில் போட்டுவிடலாம். கேட்பவர்களுக்குக் கூரையில் விழுந்தது ரப்பர் விதை என்றே இருக்கட்டும்.